வால்பாறை யானை அலர்ட், நிஜமாவே வேலை செய்யுதா?

அக்கா வீட்டுக்கு எஸ்டேட்டுக்குப் போயிருந்தப்ப சாயங்காலம் ஆறரை இருக்கும், லைன் வீட்டு முக்குல கம்பத்துல சிவப்பு லைட் மினுக்குச்சு, உடனே மாமா "யாரும் வெளிய போகாதீங்க, யானை கிட்டக்க நிக்குது"ன்னு கதவச் சாத்திட்டாரு. 2011ல இருந்து என்சிஎஃப்காரங்க (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்னு ஒரு வனவிலங்கு ஆராய்ச்சி அமைப்பு) யானை எங்க நிக்குதுன்னு எஸ்எம்எஸ்ஸும் அனுப்புறாங்க, வாய்ஸ் காலும் உண்டு. லைட்டுக்குள்ளயே சிம் கார்டு இருக்கு, போன் பண்ணியே லைட்ட எரிய வச்சிடலாம்.

1994லருந்து 2012க்குள்ள 39 பேரு செத்த ஊருங்க இது, பெரும்பாலும் யானை நிக்கிறதே தெரியாம போய் மாட்டினவங்க. அப்புறம் சாவு குறைஞ்சிருக்கு, ஆனா லைட்டால மட்டும்னு சொல்ல மாட்டேன், ராத்திரி முழுக்க சுத்துற ஃபாரஸ்ட் ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு.

குறைன்னா டவர்தான், எனக்கு மெசேஜ் மறுநாள் காலைல டீ குடிக்கிறப்பதான் வந்துச்சு. 4.5/5.