பிஎச்டி சர்வேக்கு ஏஜென்சியை நம்பி 60,000 ரூபாய் போச்சு: ஆய்வு மாணவர்கள் உஷார்

களத்தரவு எடுத்துத் தருகிறோம் என்று சமூகவியல் ஆய்வு மாணவர்களைத் தேடி வருகிற ஏஜென்சிகளிடம் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். 400 குடும்பம், பேட்டிக்கு 150 ரூபாய், மொத்தம் 60,000 ரூபாய். முழுசாகப் போய்விட்டது.

நம்ப வைத்ததே அந்த முதல் 20 படிவம்தான். அடித்துத் திருத்திய வயது, ஓரத்தில் பென்சில் குறிப்பு, ஒன்றில் ‘வருமானம் சொல்ல மறுத்தார், மாமியார் பக்கத்தில் இருந்தார்’ என்று ஒரு வரி. வீட்டு வாசலில் நின்று எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அதைப் பார்த்துத்தான் மீதிப் பணமும் கைமாறியது.

அடுத்த 380 பேட்டியும் எக்செல் கோப்பாக மட்டும் வந்தது. திறந்தால் வயிறு எரிகிறது. வருமானக் கேள்விக்கு ஒருவர்கூட மறுக்கவில்லை. ‘தெரியாது’ ஒன்றுகூட இல்லை. எந்த ஊர்க் களத்தில் இப்படி நடக்கும்? வீடு வீடாக வயது கேட்டால் பலர் தோராயமாகத்தான் சொல்வார்கள். 30, 35, 40 என்று 0, 5-இல் முடிகிற வயதுகள் குவியும். இதில் 31, 37, 42 என்று எல்லா எண்ணும் அளந்து வைத்த மாதிரி பரவியிருக்கிறது. மனப்பான்மை அளவுகோலில் ஒரு கூற்றுக்கும் 4, அதற்கு நேர் எதிரான கூற்றுக்கும் 4. எதிர்க்கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டதும் கிரான்பாக் ஆல்பா, அதாவது பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுகிற எண், மைனஸில் போய் நிற்கிறது. வரிசை எண்ணைத் தவிர மற்ற எல்லாம் அச்சாக ஒன்றாக இருக்கிற பதிவுகள் வேறு.

அசல் படிவம் கேட்டால், “சூப்பர்வைசர் லீவுல இருக்காரு.” திரும்பக் கேட்டால், “டேட்டாவ கிளீன் பண்ணித்தாங்க குடுத்திருக்கோம்.” கடைசியில், “உங்க கைடு இதெல்லாம் பார்க்கமாட்டாருங்க.” அதற்கப்புறம் போனே எடுப்பதில்லை. 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

இந்தத் தரவைச் சரிசெய்யவும் வழியில்லை. எது கேட்டது, எது உட்கார்ந்து நிரப்பியது என்று பிரிக்க முடியாது. அப்படியே ஆய்வேட்டில் வைத்தால் தரவுப் புனைவு. அந்தப் பழி ஏஜென்சிமேல் விழாது, ஆய்வாளர் தலையில்தான் விழும்.

அவசரமாகச் சிலது மட்டும் சொல்கிறேன். தாளில் வேண்டாம், கோபோடூல்பாக்ஸ், ஓடிகே மாதிரி போனில் சர்வே எடுக்கிற செயலியில் எடுக்கச் சொல்லுங்கள். பேட்டி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஜிபிஎஸ் மூன்றும் பதிவாகட்டும், சர்வர் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். 40 நிமிட வினாநிரல் 6 நிமிடத்தில் முடிந்திருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு களப்பணியாளரின் பேட்டியிலும் 10 சதவீத வீடுகளை நீங்களே எடுத்து, பதில் மாறாத இரண்டு மூன்று கேள்விகளை மறுபடி கேளுங்கள். முன்னோட்டப் படிவம் நன்றாக இருக்கிறது என்று முழுப் பணத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். 50 பேட்டிக்கு ஒரு தவணை, அதுவும் சரிபார்த்த பிறகு.