சி.ஓ.பி.டி. அறிகுறிகளைத் தினமும் குறித்து வைத்ததில் கண்டது

எனக்கு சி.ஓ.பி.டி. இருக்கிறது; மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் இது. தினமும் உடல்நிலையைக் குறித்து வைப்பது சில வருடங்களாக நடக்கிறது. முதலில் செல்போன் செயலி, அப்புறம் சாதாரண நோட்டு. செயலி வரைபடமெல்லாம் அழகாகப் போட்டுத் தரும். ஆனால் இளைப்பு அதிகமான நாளில் அது கேட்கும் அத்தனை கேள்விக்கும் பதில் தட்ட உடம்பில் தெம்பு இருக்காது. குறிப்பு ரொம்பத் தேவைப்படுவதே அந்த நாளில்தான். அதனால் நோட்டிலேயே நிலைத்துவிட்டேன்.

ஒரு நாளுக்கு ஒரே வரி. அதில் பஃப் என்பது இன்ஹேலரை எத்தனை தடவை அழுத்தி உறிஞ்சினேன் என்ற கணக்கு. நல்ல நாளென்றால் இப்படி: "சளி கொஞ்சம், வெள்ளை. பஃப் 2. மாடிப்படி நிற்காமல் ஏறினேன். தூக்கம் சரி." மோசமாகத் தொடங்கினால்: "சளி நிறைய, மஞ்சள், கெட்டி. பஃப் 6. பாதிப் படியில் நின்றேன்." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மருத்துவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இதில் சளிக்குத்தான் முதலிடம் தருவேன். வெள்ளை டிஷ்யூவில் துப்பி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; வாஷ்பேசினில் நிறம் சரியாகப் பிடிபடாது. மூச்சிரைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது: நோய் திடீரெனத் தீவிரமாவதை எடைபோட மருத்துவர்கள் பார்க்கும் மூன்று அடையாளங்கள் இவை. 1987-இல் வெளிவந்த ஆன்தனிசன் குழுவின் ஆய்விலிருந்தே இவை புழக்கத்தில் உள்ளன. அடுத்தது, உடனடி நிவாரண இன்ஹேலர் எத்தனை பஃப் என்பது. "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று வாய் சொல்லும் நாளிலும் பஃப் கணக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டுமே நம்பி இருக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பாக வரலாம். உட்கார்ந்து சற்று ஓய்வெடுத்து, எண் நிலைத்த பிறகே குறிக்க வேண்டும். எனக்கு சளியும் பஃபும் மாறி ஓரிரு நாள் கழித்துத்தான் ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. வழக்கமான அளவு ஆளுக்கு ஆள் வேறு. உங்களுடையது எவ்வளவு என்று மருத்துவரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கேட் (CAT) மதிப்பெண்ணும் போடுகிறேன்; சி.ஓ.பி.டி. நம்மை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் கேள்வித்தாள் அது. எட்டே கேள்விகள்: இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், படியேறும்போது மூச்சு, வீட்டு வேலை, வெளியே போகும் தைரியம், தூக்கம், தெம்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. கூடக்கூட நோயின் பாதிப்பு அதிகம். 2 புள்ளி மாறினாலே கவனிக்க வேண்டிய மாற்றம்தான். தூக்கமும் தைரியமும் இந்தக் கணக்கில் வருவது எனக்குப் பெரிய ஆறுதல். இந்த நோய் நெஞ்சோடு நின்றுவிடுவதில்லையே.

எந்த மாற்றத்துக்கு யாரை அழைப்பது, எந்த மருந்தைத் தொடங்குவது என்று மருத்துவர் எழுதித் தந்த தாளை நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறேன். உதடு நீலம் பாய்வது, குழப்பம், எழுப்பியும் தெளியாத மயக்கம், ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியாத மூச்சுத்திணறல் இவற்றுக்கு மட்டும் அதில் குறிப்பு எழுதும் வேலையே இல்லை, நேராக மருத்துவமனைதான். வீட்டில் இருப்பவர்களும் அந்தத் தாளைப் படித்து வைத்திருக்கிறார்கள்.