வெள்ளை டப்பாவா, நீலப் பெட்டியா?

இந்தியாவின் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி, பிளேடு எல்லாம் ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பாவுக்கு. உடைந்த ஆம்பியூல் (கழுத்தை உடைத்து மருந்து எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்), மருந்துக் குப்பி நீலக் குறியிட்ட பெட்டிக்கு. நீலத்துக்கு முதலில் அட்டைப்பெட்டியே போதும் என்றிருந்தது. 2018 திருத்தம்தான் ஓட்டை விழாத, கசியாத பெட்டி கேட்டது. சரியான முடிவு: ஆம்பியூலின் உடைந்த கழுத்து ஈர அட்டையைச் சுலபமாகக் கிழித்துவிடும்.

வெள்ளையில் ஒரு வசதி, எவ்வளவு நிரம்பியது என்று வெளியிலிருந்தே தெரியும். முக்கால் பங்கு வந்ததும் மூடி அனுப்பிவிடலாம். அமுக்கித் திணிக்கும்போதுதான் கையில் குத்தும்.

நீலத்தில் போவது கிருமி நீக்கியபின் மறுசுழற்சிக்குப் போகும். அதில் தவறி விழுந்த ஊசி, கண்ணாடி பிரிப்பவர் விரலில் ஏறும். அப்புறம், புற்றுநோய் மருந்துக் குப்பி இரண்டிலும் சேராது; அது மஞ்சளுக்கு.