வெளிநாட்டுக் காரை ஊருக்குக் கொண்டுவருதல்: துறைமுகம் முதல் டோல்கேட் வரை

துபாயிலோ தோஹாவிலோ ஓட்டும் லேண்ட் க்ரூஸரை ஊருக்கு ஏற்றி அனுப்பி தமிழ்நாட்டு நம்பர் போடலாமா? விடுமுறைக்கு வருகிற பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். பதில் வண்டியின் ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது. இந்தியாவில் நிரந்தரமாகப் பதிவு செய்ய வேண்டுமானால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், ஹெட்லைட்டின் ஒளி இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றபடி விழ வேண்டும். வளைகுடா வண்டி முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும். ஸ்டியரிங்கை மாற்றித் தருகிறோம் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். டாஷ்போர்டு, ஏர்பேக், பெடல், வைப்பர், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மாற வேண்டிய வேலை அது. அப்படி மாற்றிய வண்டியைச் சோதனைக் கூடத்தில் தேற்றுவது யாராலும் ஆகாது.

ஆக, நிரந்தர இறக்குமதி என்பது பிரிட்டன், ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கான வழி. வளைகுடாக்காரர்களுக்கு மிஞ்சுவது கார்னெட். வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து, ஓட்டி, திரும்ப எடுத்துப் போகும் முறை அது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வண்டியைக் கப்பலில் ஏற்றியவர்கள்தான் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

நிரந்தர இறக்குமதியில் பெரிய பொறி ‘புதியது’ என்ற சொல். லண்டனில் புது ரேஞ்ச் ரோவர் வாங்கி, மூன்று வாரம் ஓட்டிவிட்டு ஏற்றினால், சுங்கத்தின் கண்ணில் அது பழைய வண்டி. எந்த நாட்டிலும் பதிவாகாத, இறக்குமதிக்கு முன் விற்கப்படாத, வாடகைக்கு விடப்படாத வண்டியைத்தான் புதியது என்று ஏற்பார்கள். பழையது என்று ஆகிவிட்டால் நிபந்தனைகள் வேறு: தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டைத் தாண்டக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம், கப்பலேறுமுன் சோதனைச் சான்று வேண்டும், வந்த பிறகு புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனைக் கூடத்தில் மறுபடியும் சோதனை. இன்னும் 5 ஆண்டு சாலைத் தகுதி இருக்கும் என்றும், அதுவரை சர்வீஸ் வசதி கிடைக்கும் என்றும் உறுதி தர வேண்டும். 3 ஆண்டு என்பது பதிவுத் தேதியிலிருந்து அல்ல, தயாரிப்புத் தேதியிலிருந்து என்பதைக் கோட்டை விடுபவர்கள் நிறைய. ஷோரூமில் எட்டு மாதம் நின்ற வண்டிக்கு அந்த எட்டு மாதமும் கணக்கில் சேரும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, ‘குடிபெயர்ந்து வருகிறேன், வீட்டுச் சாமானோடு காரும் வரிச் சலுகையில் வரும்’ என்பது. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் ‘பேகேஜ்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே மோட்டார் வாகனம் சேராது என்று எழுதியிருக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் கிடைக்கும் சலுகை காருக்குக் கிடையாது.

வரிக்கு வருவோம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள புதுக் காருக்கு 2025 பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரியை 100 சதவீதத்திலிருந்து 70 ஆகக் குறைத்தார்கள். பலர் அத்தோடு செய்தியை மூடிவிட்டார்கள். அதே பட்ஜெட்டில் 40 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு செஸ் சேர்ந்தது, 10 சதவீத சமூக நல சர்சார்ஜ் போனது. கூட்டினால் முன்பும் 110, இப்போதும் 110. பழைய காருக்கு 70 சதவீத வரியும் 67.5 சதவீத செஸ்ஸும், ஆக 137.5. இதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம், முன்பு இருந்த இழப்பீட்டு செஸ் கிடையாது.

கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 1 கோடி ரூபாய் மதிப்புள்ள புது வண்டி என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் 1.10 கோடி, ஆக 2.10 கோடி. அதன் மேல் 40 சதவீதம், அதாவது 84 லட்சம், சேர்த்தால் 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வரி உட்பட்ட விலையில் கணக்கிட்டால் இன்னும் 58.8 லட்சம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது அந்த வண்டியின் விலை ஏறத்தாழ 3.53 கோடி. அதே மாடல் பாகங்களாக வந்து, இங்கே பொருத்தப்பட்டு, இந்திய ஷோரூமில் விற்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். பொருத்தப்படுகிறதென்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

பழைய வண்டியில் மதிப்பீடு தனிக் கதை. நீங்கள் கொடுத்த விலை அவர்களுக்கு முக்கியமில்லை. அந்த மாடல் தயாரான ஆண்டில் புதிதாக என்ன விலையோ, அதிலிருந்து காலாண்டுக் கணக்கில் தேய்மானம் கழிப்பார்கள்: முதல் ஆண்டு காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டு 3, மூன்றாம் ஆண்டு 2.5. சரியாக இரண்டு ஆண்டு ஓடிய வண்டிக்கு 16-ம் 12-ம் சேர்ந்து 28 சதவீதம் கழியும். புது விலை 80 லட்சம் என்றால் 57.6 லட்சம், அதோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். நண்பர் ஊரைக் காலி செய்யும் அவசரத்தில் 35 லட்சத்துக்குக் கொடுத்தார் என்று பில்லைக் காட்டினால் அதிகாரி சிரிப்பார், வரியை 57.6-க்கு மேல்தான் போடுவார். ‘அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது’ என்ற மகிழ்ச்சி மும்பையில் முடிந்துவிடும்.

துறைமுக வேலையை நேரில் நின்று செய்ய நினைக்க வேண்டாம். சுங்கத் தரகர் இல்லாமல் இது நகராது. ஊர்க்காரர்கள் அவரை இன்னும் சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜெண்ட்) என்றுதான் சொல்கிறார்கள். அவர் வேலை மூன்று: கப்பல் நிறுவனத்திடம் டெலிவரி ஆர்டர் வாங்குவது, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிக்கையைச் சுங்கத்தில் தாக்கல் செய்வது, பரிசோதனையின்போது உடன் நிற்பது. பரிசோதனையில் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்துத் தாள்களோடு ஒப்பிடுவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் திருத்தல் கடிதத்துக்கு வெளிநாட்டு டீலருக்கு எழுத வேண்டும். அதுவரை துறைமுகத்தில் தங்குவதற்கான டெமரேஜ் ஓடும், கண்டெய்னரில் வந்தால் அதைத் திருப்பித் தரத் தாமதமாவதற்கான டிடென்ஷனும் தனியாக ஓடும். வண்டி கப்பலேறுமுன் பில், பதிவுச் சான்று, பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) மூன்றிலும் சேஸிஸ் எண்ணின் பதினேழு எழுத்தையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். தரகரிடம் மொத்தத் தொகை பேசாமல், அவர் கூலி எவ்வளவு, கப்பல் நிறுவனக் கட்டணம் எவ்வளவு, துறைமுகக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ‘மற்ற செலவுகள்’ என்ற வரி இருந்தால் அது என்ன என்று கேளுங்கள். வண்டிக்குள் பெட்டி, பொம்மை, மிக்ஸி எதையும் திணிக்காதீர்கள். கப்பல் நிறுவனம் ஏற்காது, சுங்கத்திலும் தனிப் பஞ்சாயத்து.

இனி கார்னெட். வளைகுடாக்காரர்களுக்கு இதுதான் உண்மையில் பயன்படுவது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வசிக்கும் நாட்டின் ஆட்டோமொபைல் கிளப் இதைத் தரும். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் விசா, முல்கியா (வளைகுடா வண்டிப் பதிவு அட்டை), திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை அல்லது வங்கி உத்தரவாதம் வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: ஏஜெண்ட் ‘எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்’ எடுத்து நம்பர் பிளேட்டை ஒப்படைத்துவிடுவார். அது நிரந்தர ஏற்றுமதிக்கான வழி. பதிவு ரத்தான வண்டிக்குக் கார்னெட் செல்லாது. பிளேட்டைக் கழற்றச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

கார்னெட் புத்தகத்தில் நிறம், இருக்கை, ரேடியோ, ஸ்பேர் டயர் வரை எழுதியிருக்கும். பின்னால் மாட்டிய ரூஃப் டெண்ட், கூடுதல் டயர் போன்றவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பொருள் திரும்பும்போது குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. நுழையும் துறைமுகத்தில் இறக்குமதிச் சீட்டைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை வைப்பார்கள். புத்தகம் பொதுவாக ஓராண்டு செல்லும், ஆனால் இந்தியச் சுங்கம் தருவது 6 மாதம். எந்தத் தேதிக்குள் வண்டி வெளியேற வேண்டும் என்பதை முத்திரையில் பாருங்கள், புத்தக அட்டையில் அல்ல.

வண்டி துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் காப்பீடு. அங்கே எடுத்த பாலிசி இங்கே செல்லாது. குறைந்தபட்சம் தர்ட் பார்ட்டி இல்லாமல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது. ஆன்லைனில் இந்தியப் பதிவெண் கேட்பதால் அங்கே எடுக்க முடியாது. தாலுகா ஊரில் இருக்கும் ஏஜெண்டைச் சுற்றுவதைவிட, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் கோட்ட அலுவலகத்துக்கு கார்னெட் நகலோடு போவது நல்லது. வரி கட்டாமல் வந்த வண்டிக்கென ஐ.எம்.டி. 19 என்ற ஒப்பந்தப் பிரிவே இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னால் பேச்சு சுருங்கும். முழுக் காப்பீட்டுக்கு பிரீமியம் கூடுதலாக வரும்.

வெளிநாட்டுத் தனியார் வண்டிகளுக்கென 2022இல் வந்த விதிகளின்படி பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் அல்லது சர்வதேச அனுமதி, காப்பீடு ஆகியவை வண்டியிலேயே இருக்க வேண்டும். தாள் அரபியில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதிகாரபூர்வமாக வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பது குற்றமல்ல. இயங்கும் சிக்னல் கருவி இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சாலையோரச் சோதனையில் இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். ஆனால் வளைகுடாவில் ஒட்டிய கறுப்புக் கூலிங் ஃபிலிமுக்குச் சமாதானம் கிடையாது. 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதை ஏற்றுமுன் அங்கேயே உரித்துவிடுங்கள். தமிழ்நாட்டு இருவழிச் சாலையில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு பஸ்ஸை முந்துவது பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாமல் முடியாத காரியம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் வரை போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

வண்டியைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிட்டு விமானம் ஏறக் கூடாது. இந்தியாவில் வசிப்பவரிடம் ஓட்டக் கொடுப்பதும் வாடகைக்கு விடுவதும் கார்னெட் நிபந்தனைக்கு விரோதம். பிடிபட்டால் கேட்கப்படுவது முழு வரி, மேலே பார்த்த கணக்கில்.

டோல்கேட்டில் இன்னொரு சின்ன எரிச்சல். வெளிநாட்டு எண் ‘வாஹன்’ என்ற இந்திய வாகனப் பதிவுத் தரவில் இல்லை என்பதால் ஃபாஸ்டாக் எடுப்பது சிரமம். 2025 நவம்பர் 15இல் ஃபாஸ்டாக் இல்லாதவர் யு.பி.ஐ.யில் கட்டினால் வழக்கமான கட்டணத்தைப் போல 1.25 மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் 2 மடங்கு என்று விதி வந்தது. என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கில் யு.பி.ஐ.யைக் கிளம்புமுன்பே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலி போய் வருவதற்குள் வித்தியாசம் கண்ணில் தெரியும்.

பெட்ரோலும் கவனிக்க வேண்டியது. இப்போது பம்புகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ‘இ10’ என்று எழுதியிருந்தால் அந்த வண்டி 10 சதவீதத்துக்கு மேல் தயாரானதல்ல. சில மாத ஓட்டத்தில் பெரிய சேதம் தெரியாமல் போகலாம், ஆனால் ரப்பர் குழாய்களும் சீல்களும் பழுதானால் வாரண்டி பேச முடியாது. ஆக்டேனுக்கு 95 போட்டால் போதும். ஜப்பானிலிருந்து பழைய மின்காரை எடுக்க நினைப்பவர்கள் சார்ஜர் வாயைப் பாருங்கள். அங்கே சேடெமோ என்ற வகை, இங்கே பொதுச் சார்ஜர்கள் சிசிஎஸ்2 என்ற வேறு வகை.

சர்வீஸ் சென்டர்களைப் பொறுத்தவரை, ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் வேலையைப் பணம் கட்டினால் செய்வார்கள். இங்கே விற்காத வண்டி என்பதால் வாரண்டி வேலைக்குக் கை விரிப்பார்கள். ரேடியோ, வரைபடம், கனெக்டட் ஆப் எல்லாம் அந்த நாட்டுக்குப் பூட்டியவை. அதற்காக வெளிக் கடையில் வண்டியின் மென்பொருளை மாற்றும் கோடிங் செய்ய விடாதீர்கள், திரும்பிப் போனபின் அங்கே தலைவலி.

இத்தனைக்கும் குறுக்கு வழி தருகிறோம் என்று ஆள் வருவார்: பூட்டான் வழியாக வந்த வண்டி, இமாச்சலப் பதிவு, பாதி விலை. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் நடத்திய சோதனையில் பறிமுதலானவை இப்படி வந்தவை என்று சந்தேகிக்கப்பட்டவையே. பதிவுச் சான்று அசலாகவே இருந்தாலும், பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டாதவரிடம் வெளிநாட்டு வண்டி வாங்க வேண்டாம்.

திரும்பும் நாளில் ஏற்றுமதிச் சீட்டைக் கிழித்து, அடிக்கட்டையில் சுங்கம் முத்திரை வைத்த பிறகே துறைமுகத்தை விட்டு வாருங்கள். ‘கப்பல் ஏறியதும் போட்டு அனுப்புகிறோம்’ என்பதை ஏற்க வேண்டாம். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் கிளப் வைப்புத்தொகையை விடுவிக்கும். அடிக்கட்டையைப் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துவிட்டு வண்டிச் சாவியைக் கப்பல் ஏஜெண்டிடம் கொடுங்கள்.