ரிவனா, டென்டக்கிளா, ஓப்ரா டின்னா, அவுட்டர் வைல்ட்ஸா?

சின்ன வயதில் ஆச்சி விடுகதை போடுவார். "வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத் தொப்பி, அது என்ன?" யோசித்து யோசித்துத் தோற்றுப்போய் விடை கேட்போம். "தீக்குச்சி" என்றதும், "அட, ஆமா!" என்று வாய் தானாகத் திறந்துவிடும். சில விடுகதைகளுக்கு அப்படி வராது. "இது எப்படி ஆச்சி எங்களுக்குத் தெரியும்?" என்று சண்டைக்குப் போவோம்.

புதிர் சாகச கேம்களையும் நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். விடை தெரிந்த கணத்தில் வாயில் வருவது "அட, ஆமா"வா, "இது எப்படித் தெரியும்"மா? நான் திரும்பத் திரும்ப விளையாடிய நான்கு கேம்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சில புதிர்களின் விடையைச் சொல்லாமல் பேச முடியாது. இன்னும் விளையாடாதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் டே ஆஃப் த டென்டக்கிள். லூகாஸ்ஆர்ட்ஸ் 1993இல் வெளியிட்டது. டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் உருவாக்கியது. ஒரே வீடு, மூன்று காலம். பெர்னார்ட் நிகழ்காலத்தில் இருக்கிறான், ஹோகி 200 ஆண்டு முந்தைய கடந்த காலத்தில், லவெர்ன் 200 ஆண்டு தள்ளி எதிர்காலத்தில். ஒருவரிடம் இருக்கும் பொருளைக் கழிவறை வடிவக் கால எந்திரத்தில் போட்டு ஃப்ளஷ் செய்தால் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். ஒரு காலத்தில் செய்தது அடுத்த காலத்தில் பலிக்கும்.

இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடியிருக்கும் ஆட்டம் அபாரம். வினிகர் வேண்டும், கையில் இருப்பதோ ஒயின். ஹோகி அந்த ஒயின் பாட்டிலை எதிர்காலத்துக்காகப் புதைக்கும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறான். 400 ஆண்டு கழித்து லவெர்ன் பெட்டியைத் திறந்தால் ஒயின் புளித்து வினிகராகியிருக்கிறது. இன்னொரு இடத்தில், ஒரு வெள்ளெலிக்குப் போட அளவான ஸ்வெட்டர் வேண்டும். பெர்னார்ட் பெரிய ஸ்வெட்டரைத் துணி உலர்த்தும் எந்திரத்தில் போட்டு, காசைக் கொட்டி ஓடவிடுகிறான். 200 ஆண்டு ஓடிய பிறகு வெளியே எடுக்கும்போது அது எலிக்குச் சரியாக இருக்கிறது. முதல் தடவை இதைக் கண்டுபிடித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

ஆனால் இதே கேமில் மரத்தில் சிக்கிய லவெர்னை இறக்கிவிட, கடந்த காலத்தில் அந்த மரத்தின் பழங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும். அப்போதுதான் ஜார்ஜ் வாஷிங்டன் அதைச் செர்ரி மரம் என்று நினைத்து வெட்டுவார். சிறுவன் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதை அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பழக்கம். எனக்கு அப்போது அந்தக் கதை தெரியாது. இரண்டு நாள் அந்த மரத்தையே சுற்றினேன்.

இதைவிட மோசமான ஒன்று அதே நிறுவனத்தின் மங்கி ஐலண்ட் 2இல் இருக்கிறது. அது 1991இல் வந்தது. நீர்க்குழாய் வால்வைத் திருக வேண்டும். விடை: குரங்கைப் பிடித்து அதையே ஸ்பேனராகப் பயன்படுத்துவது. ஆங்கிலத்தில் ஒருவகை ஸ்பேனருக்கு மங்கி ரெஞ்ச் என்று பேர். அவ்வளவுதான் லாஜிக். நாம் ஸ்பேனர் என்றே சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பேரைக் கேள்விப்படாதவருக்கு, எத்தனை நாள் யோசித்தாலும் அந்தக் குரங்கு குரங்காகத்தான் தெரியும்.

அங்கிருந்துதான் என் இரண்டாவது அளவுகோல் வந்தது. விடைக்கு வேண்டியதெல்லாம் கேமுக்குள்ளேயே இருக்கிறதா? டெக்சாஸில் இருப்பவருக்கும் தென்காசியில் இருப்பவருக்கும் புதிர் ஒரே தூரத்தில் இருக்கிறதா?

இந்த இரண்டிலும் ரிவன் மாதிரி தேறிய கேமை நான் பார்த்ததில்லை.

ரிவன் 1997இல் வந்தது. அதற்கு முந்தையது மிஸ்ட், 1993இல் வந்து, பல ஆண்டுகள் உலகில் அதிகம் விற்ற கம்ப்யூட்டர் கேமாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்போகேன் ஊர்ப்பக்கம் ராண்ட், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி நடத்திய சயன் நிறுவனம் உருவாக்கியது. ரிவனில் அவர்களுடன் ரிச்சர்ட் வாண்டர் வெண்டே சேர்ந்தார். ஐந்து சிடி. எங்கள் சித்தப்பா வெளியூரிலிருந்து வந்தபோது அந்த ஐந்தையும் கொண்டுவந்தார். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடியை மாற்றச் சொல்லும். நானும் அக்காவும் முறை வைத்துக்கொண்டு மாற்றுவோம். அவளிடம் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு. அதில் பார்த்த குறியை எல்லாம் வரைந்துகொண்டே வருவாள்.

ரிவனின் புதிர் என்று நான் சொல்வது ஒரு பூட்டையோ பெட்டியையோ இல்லை. அந்த ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே புதிர். அங்கே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. கைப்பிடியைத் திருகினால் ஒரு குறி தெரியும். அப்புறம், தொங்கும் மனித உருவம் ஒன்று 'டக், டக்' என்று படிப்படியாகக் கீழே இறங்கும். கீழே வாயைத் திறந்தபடி ஒரு கடல் விலங்கு. இறங்கும் படிகளை எண்ணினால் அந்தக் குறி எந்த எண் என்று தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்கும் பொம்மை அது. அதே சமயம், அந்தத் தீவை ஆளும் கென் தன்னை எதிர்ப்பவர்களை என்ன செய்கிறான் என்பதும் அதிலேயே இருக்கிறது. வெளியே நீரின் மேல் நிற்கும் தூக்குமேடையை ஏற்கெனவே பார்த்திருப்போம். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்ட அன்றைக்கு அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் போய்ப் பிள்ளைங்களுக்கு விளையாடக் கொடுத்திருக்காங்கடா" என்றாள்.

பொம்மை காட்டுவது பத்து வரைதான். அதற்கு மேல் நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுக்கான குறியை 90 பாகை திருப்பினால் ஐந்து. இரண்டுக்கானதைத் திருப்பினால் பத்து. ஐந்தின் மேல் ஒன்றை வைத்தால் ஆறு. நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம் என்றால் அவர்கள் 25 ஆக எண்ணுகிறார்கள். எந்த நாட்டுக்காரருக்கும் இது புதிது, எந்த நாட்டுக்காரரும் எண்ணத் தெரிந்தவர். இதுதான் நான் சொன்ன ஒரே தூரம்.

விலங்குப் புதிரும் அப்படித்தான். தீவுகளில் அங்கங்கே மரக்கண்கள் பதித்திருக்கும். தொட்டுத் திருப்பினால் ஒரு விலங்கின் குரல் கேட்கும், பின்னால் ஓர் எண் இருக்கும். எந்தக் குரல் எந்த விலங்கு என்பதற்கு அந்தத் தீவில் நடந்திருக்க வேண்டும், கரையில் படுத்திருக்கும் விலங்கை அருகில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் 25 கற்கள் வட்டமாக நிற்கும் இடத்தில் ஐந்தைச் சரியான வரிசையில் தொட வேண்டும். ஊரைச் சுற்றிப் பார்க்காமல் குறுக்குவழியில் போக நினைப்பவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

குறையும் இருக்கிறது. வண்ணக் கோலிக்குண்டுகளை 25க்கு 25 கட்டத்தில் வைக்கும் கடைசிப் பெரிய புதிரில் ஒன்று தவறினாலும் எது தவறு என்று தெரியாது. மறுபடி எல்லாத் தீவுக்கும் அலைய வேண்டும். விடை நியாயமானது, ஆனால் அந்த அலைச்சல் கூடுதல். நாங்கள் பொங்கல் விடுமுறையில் தொடங்கி முழுப் பரீட்சை முடிந்துதான் முடித்தோம்.

ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின் முற்றிலும் வேறு மாதிரி. 2018இல் லூகாஸ் போப் வெளியிட்டது. 1807ஆம் ஆண்டு, காணாமல்போன கப்பல் ஒன்று ஆளில்லாமல் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதைப் பார்வையிடப் போகும் காப்பீட்டு ஆய்வாளர் நாம். கையில் ஒரு கடிகாரம். பிணத்தருகே திறந்தால் அந்த ஆள் இறந்த கணம் அப்படியே உறைந்து கண்முன் நிற்கும், அதற்கு முன் பேசிய பேச்சு காதில் கேட்கும். கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று புத்தகத்தில் நிரப்ப வேண்டும். இரண்டே நிறத்தில், பழைய மரச்செதுக்கு ஓவியம் மாதிரி முழு கேமும் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை, மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் அந்த மூன்றும் சரி என்று கேம் ஒப்புக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்க வழியில்லை. அதே சமயம் 60 பேரையும் முடித்த பிறகுதான் சொல்வேன் என்று இழுத்தடிக்கவும் இல்லை. ரிவனின் கோலிக்குண்டுப் புதிரில் நான் ஏங்கியது இதற்குத்தான்.

ஒருவரை அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி? தொங்கு படுக்கையில் மாட்டிய எண்ணைப் பெயர்ப் பட்டியலின் வரிசை எண்ணோடு ஒப்பிடலாம். படுக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பார்த்து, அதே காலணியை இன்னொரு காட்சியில் தேடலாம். யார் யாரோடு நிற்கிறார், யார் எந்த வேலை செய்கிறார் என்று கவனிக்கலாம். ஒவ்வொன்றும் "அட, ஆமா" ரகம். கப்பலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கம்பெனிக் கப்பல்களில் நம் பக்கத்து ஆட்கள் உழைத்தது வரலாறு. பட்டியலில் ஊர் 'இந்தியா' என்று பார்த்ததும் அவர்களைத்தான் முதலில் தேடிப் போனேன்.

என் இரண்டாவது அளவுகோலில் மட்டும் இது கொஞ்சம் சறுக்குகிறது. சிலரைப் பேச்சின் தொனியை வைத்துப் பிரிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் பேச்சும் அயர்லாந்துக்காரர் பேச்சும் இங்கிலாந்தில் வளர்ந்தவர் காதுக்கு உடனே வேறுபடும். மதுரைப் பேச்சையும் நாகர்கோவில் பேச்சையும் நாம் பிரிப்பது போல. எனக்கு எல்லாமே ஆங்கிலமாகத்தான் கேட்டது. ஆனால் பெரும்பாலும் வேறு தடயமும் இருக்கும். அதனால் நின்றுபோகவில்லை, நேரம்தான் கூடியது.

அடுத்தது அவுட்டர் வைல்ட்ஸ், 2019. மோபியஸ் டிஜிட்டல் உருவாக்கியது. அலெக்ஸ் பீச்சம் மாணவராக இருந்தபோது செய்த ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2020இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதுவரை போனது. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். மறுபடி முதலிலிருந்து விழிப்போம். புது ஆயுதமோ புது சக்தியோ எதுவும் சேராது. போன சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும் கூட வரும். விடை தெரிந்தவர் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். பூட்டு, சாவி எல்லாம் நம் தலைக்குள்தான்.

ஒரு உதாரணம் போதும். டார்க் பிராம்பிள் என்ற இடத்தில் ராட்சத மீன்கள் நம்மை விழுங்கிவிடும். எத்தனை வேகமாகப் போனாலும் தப்பிக்க முடியாது. வேறொரு கோளில், மண்ணுக்கடியில், அதே மீனின் பழைய எலும்புக்கூடு கிடக்கிறது. அங்கே முன்பு வாழ்ந்த பிள்ளைகள் ஆடிய ஓர் ஆட்டத்தின் விதிகள் எழுதி இருக்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் மீனாக நிற்க, மற்றவர்கள் சத்தமில்லாமல் கடக்க வேண்டும். நம் கண்ணாமூச்சியேதான். அந்த மீனுக்குக் கண் தெரியாது, காது மட்டும்தான்! அடுத்த சுற்றில் விண்கலத்தின் எஞ்சினை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீன்களுக்கு நடுவே மிதந்து போனேன். ரிவனின் பொம்மைக்கு அப்புறம் ஒரு புதிர் என் உடம்பில் ஏறியது அங்கேதான்.

கேமுக்குள் படிக்க நிறைய ஆங்கிலம் உண்டு, ஆனால் எளிய ஆங்கிலம். சிலேடை தெரிந்தால்தான் நகரலாம் என்ற இடம் எதுவும் எனக்கு வரவில்லை. எனக்குக் கஷ்டம் கொடுத்தது விண்கலம் ஓட்டுவதுதான். ஒரு கோளின் குகைகளில் மணல் நிரம்பிக்கொண்டே வரும். வழியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நசுங்கிப் போனால் திரும்ப அங்கே போய்ச் சேர நிமிடங்கள் ஆகும். கை வேகம் இல்லாதவர்கள் அந்த இடங்களில் சோர்ந்துவிடுவார்கள். பொறுமையாக உட்கார்ந்து யோசிக்க மட்டுமே ஆசைப்படுகிறவருக்கு ரிவனும் ஓப்ரா டின்னும்தான் பொருந்தும்.

மிஸ்ட்டை இதில் தனியாகச் சேர்க்கவில்லை. அதை நேசிக்கிறேன், ஆனால் ரிவன் வந்த பிறகு அதன் பல புதிர்கள் பூட்டுகளாகவே தெரிகின்றன. செக் நாட்டு அமனிட்டா டிசைனின் மெஷினேரியம், 2009, பேச்சே இல்லாத அழகான சின்ன கேம். ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

சரி, எனக்கு எது முதல்? ரிவன். அதை ஒட்டியே அவுட்டர் வைல்ட்ஸ். மூன்றாவது ஓப்ரா டின். டென்டக்கிள் நான்காவது, ஆனால் நால்வர் சேர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே விளையாட வேண்டும் என்றால் அதுதான் முதல். தனியாக, இரவில், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஓப்ரா டின்னைச் சொல்வேன். அது கைபிடித்து அழைத்துப் போகும், பத்து மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும்.

2024இல் சயன் ரிவனை முழுக்கப் புதிதாகச் செய்து வெளியிட்டது. இப்போது தீவுகளில் காலாற நடக்கலாம். புதிர்கள் சிலவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவள் பரணிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துத் தூசு தட்டி வைத்துக்கொண்டுதான் தொடங்கினாள். அரைமணி நேரத்தில் போன் வந்தது. "டேய், நான் வரைஞ்சு வச்சது பாதி செல்லலடா." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மறுநாள் போனபோது மேசையில் புது நோட்டு இருந்தது, நீளக் கோடு போட்டதுதான்.