தண்ணீர் குடித்த வண்டி மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது

போன வாரம் ராத்திரி சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளை நிறம், 2018 மாடல், டீசல், சிங்கிள் ஓனர், 'ஒரு வேலையும் இல்லை, எடுத்து ஓட்டினால் போதும்'. பின் பம்பரின் இடது மூலையில் என் பையன் சைக்கிளால் இடித்த கீறல் அப்படியே இருக்கிறது. நான் பதினாறு மாதம் மல்லுக்கட்டி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்த வண்டி அது. ஆர்.சி.யில் நான் இரண்டாவது ஆள், அப்புறம் எப்படி சிங்கிள் ஓனர் என்று தெரியவில்லை. வண்டி நம்பரையும் கடைப் பெயரையும் இங்கே போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார், அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் இருப்பது திருச்சி. 2024 மே மாதம் சேலத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கிற கடையில் எடுத்தேன். மாடல் பெயர் வேண்டாம், கம்பெனி மேல் எந்தத் தப்பும் இல்லை, ஊரில் பாதி டாக்ஸிக்காரர்கள் வைத்திருக்கிற வண்டிதான். விலை 4,60,000. முன்பணம் 10,000 ஜி.பே.யில், 3,50,000 பேங்க் வழியாக, மீதி ஒரு லட்சம் ரொக்கமாக. "கையில குடுத்தா அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம் சார்" என்று சொன்னார்கள், நானும் ஏதோ பெரிய லாபம் என்று ஏ.டி.எம்.மிலும் மாமனாரிடமுமாகத் திரட்டி எண்ணிக் கொடுத்தேன். ரசீது 3,60,000க்குத்தான் வந்தது. அந்த ஒரு லட்சத்துக்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

நான் ஏமாளி இல்லை என்று காட்டிக்கொள்ள அன்றைக்கு நிறையப் பார்த்தேன். டயரைப் பார்த்தேன், பானட்டைத் தூக்கினேன், தெரிந்த மெக்கானிக் பையனைக் கூட்டிப்போய் ஹைவேயில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. உள்ளே புது சீட் கவர், புது மேட், டேஷ்போர்டில் இரண்டு சென்ட் டப்பா. ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு சென்ட் டப்பா என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

மே, ஜூன் இரண்டு மாதமும் ஒரு தொந்தரவும் இல்லை. ஜூலையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்ததும் ஏ.சி. போட்டால் ஏரிக்கரையில் நிற்கிற மாதிரி ஒரு வாடை. அப்புறம் இடது பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். (பிரேக்) எச்சரிக்கை விளக்கு எரியும், தானாகவே அணையும். கண்ணாடி மோட்டார், ஒரு சென்சார் என்று மாற்றியதில் 22,000 போனது. ஆகஸ்டில் தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது துவாக்குடி தாண்டுவதற்குள் வண்டி மொத்தமாக அடங்கிவிட்டது. பின் சீட்டில் பட்டுப்புடவையோடு மாமியார். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

கட்டி இழுத்து வந்த பிறகு அரியமங்கலம் பக்கம் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் பார்த்தார். ஸ்கேனரைக்கூட எடுக்கவில்லை. முன் சீட்டைக் கழற்றினார், தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் பவுடர் மாதிரி காய்ந்த வண்டல். சீட் ரயில் முழுக்கத் துரு. ஒரு கனெக்டரைப் பிரித்துக் காட்டினார், உள்ளே பச்சைப் பாசி பிடித்த மாதிரி செம்பு பூத்திருந்தது. "தம்பி, இது தண்ணி குடிச்ச வண்டி. வெயில்ல ஓடும், ஈரம் பட்டா படுத்துக்கும்." கடைசியாக சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தார். பாதியில் ஒரு கோடு, அதற்குக் கீழே பெல்ட் பழுப்பு நிறம். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அந்தக் கோடு சொல்லிவிட்டது. பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் அந்த பெல்ட்டை ஒரு தடவை முழுசாக இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வயரிங் மொத்தமும் மாற்ற 1,40,000 ஆகும், அதுவும் உத்தரவாதம் இல்லை என்றார்.

வண்டி டி.என். 14, அதாவது சோழிங்கநல்லூர் பதிவு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் கார்கள் மூழ்கி நின்றதை டி.வி.யில் நானும்தான் பார்த்தேன். (டி.என். 14 வண்டி எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய வரலாற்றை பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு எஸ்டிமேட்: நீரில் மூழ்கியது, இன்சூரன்ஸ் சர்வேக்காக. அதற்குப் பிறகு அங்கே அந்த வண்டிக்கு ஒரு ஆயில் சர்வீஸ்கூட இல்லை.

ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடித்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த உடம்பு ஏலத்தில் யாருக்கோ போகும், அவர் கழுவிக் காயவைத்து, சீட் கவர் போட்டு வேறு ஊருக்கு அனுப்புவார். டோட்டல் லாஸ் ஆனால் பழைய பாலிசியும் அதோடு முடிந்துவிடும். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். கன்சல்டிங்கில் கொடுத்த பாலிசி 2024 பிப்ரவரியில் புதிதாகப் போட்ட வெறும் தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். வண்டி பதிவான மாதம் ஆகஸ்ட். வருஷா வருஷம் ஆகஸ்டில் புதுப்பிக்கிற வண்டிக்கு பிப்ரவரியில் எதற்குப் புது பாலிசி? அந்தத் தாள் முதல் நாளிலிருந்து என் கையில்தான் இருந்தது. டயரைக் குனிந்து பார்த்த நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. முழுக் காப்பீடு உள்ள வண்டியாக இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் எடுக்காத வண்டிக்கு 50 சதவீதம் இருக்கும். ஆறு வயசு வண்டிக்கு பூஜ்யம் என்றால் நடுவில் யாரோ கிளெய்ம் வாங்கியிருக்கலாம், ஏன் பூஜ்யம் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, கடைக்குப் போனேன். வாங்கும்போது டீ, இப்போது தண்ணீர்கூட இல்லை. "பாத்துட்டுதானே எடுத்தீங்க? மெக்கானிக்கோட வந்தீங்களே." டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டினார்கள், 'இருக்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று பொடி எழுத்தில், கீழே என் கையெழுத்து. நானும் அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில், வாங்குகிறவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால் அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றி அவர் பிறகு புகார் சொல்ல முடியாது என்று இருக்கிறது. அப்படியானால் ஒளிந்திருக்கும் குறை? அதற்கு அந்தத் தடை இல்லை. விரிப்பைக் கிழித்து, சீட்டைக் கழற்றிப் பார்க்க எந்தக் கடைக்காரன் விடுவான்? வியாபாரமாக விற்கிறவர் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வருகிறது, செகண்ட் ஹேண்ட் என்பதால் அது விலகி நிற்காது.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி. வாங்குவதற்கு முன்னால் சும்மா கேட்டு வைத்திருந்தேன், ஆக்சிடென்ட், ஃபிளட் ஏதாவது உண்டா என்று. "தண்ணில நிக்காத வண்டி சார், நம்பி வாங்க" என்று பதில். போனில் கேட்டிருந்தால் போயே போச்சு. அதனால் யாரிடம் வாங்கினாலும் கேள்வியை எழுத்தில் கேளுங்கள், கிலோமீட்டர் உண்மையா என்பதையும் சேர்த்து.

1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்தேன், கடைக்காரர் பதிலே தரவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லை. நவம்பரில் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கடை சேலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், 2019 சட்டத்தில் வந்த நல்ல மாற்றம் அது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நான் ஆன்லைனில் மனு போடுகிற இ-தாக்கில் தளத்தில் போட்டேன், 2025 ஜனவரியிலிருந்து அதற்கு இ-ஜாக்ரிதி என்ற தளம் வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லும்.

அவர்கள் வக்கீல், எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த தாளைத் தூக்கிப் போட்டார், அவர் நிபுணர் இல்லையாம். சர்வீஸ் சென்டர் பிரின்ட்டும் அந்த வாட்ஸ்அப் செய்தியும்தான் நின்றன. கடைசியில் மத்தியஸ்தத்துக்கு அனுப்பி, 2025 செப்டம்பரில் 3,30,000 கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். ரொக்கமாகக் கொடுத்த ஒரு லட்சத்தைப் பற்றி வாயைத் திறந்தால் "எந்த ஒரு லட்சம்?" என்றார்கள். எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். இன்னும் இழுத்திருக்கலாம், என் மனைவி போதும் என்றார்.

ஒன்று விட்டுவிட்டேன். இதெல்லாம் வியாபாரியிடம் வாங்கினால்தான். பக்கத்து வீட்டு அண்ணனிடமோ ஆபீஸ் நண்பரிடமோ வாங்கினால் அவர் வியாபாரி இல்லை, நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைவிரித்துவிடும், சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். டாக்ஸி ஓட்ட வாங்கினால், அது உங்கள் சொந்தப் பிழைப்புக்கு என்று காட்ட வேண்டியிருக்கும். அப்புறம், 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்கிற கடைகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததையும் தெரிவிக்க வேண்டும். என் கடைக்காரர் முதல் ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபாரத்தை (பேர் மாற்றத்துக்கானவை) மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் உஷாராக இருந்தேன். பேர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பேர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அந்த ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

விளம்பரத்தில் 4,75,000 போட்டிருக்கிறார்கள். சீட் கவர் இப்போது மெரூன். சேலம், நாமக்கல் பக்கம் யாராவது வெள்ளை நிற 2018 டீசல், டி.என். 14 வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் டிரைவர் பக்கத்து பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள்.