ஓசூரில் ஒரு பழைய ஒமேகா: வாங்கியதிலிருந்து இன்று வரை

பழைய சொகுசு வாட்ச் வாங்கப் போகிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: அதன் பின்மூடியைத் திறந்து வேலை பார்க்க நம் பக்கம் ஆள் இருக்கிறாரா? விலை எவ்வளவு குறைந்தது, பெட்டி இருக்கிறதா, பில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2017 கடைசியில் வாங்கிய ஒமேகா சீமாஸ்டரை ஓசூரில் அன்றாடம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மெக்கானிக்கல் வாட்சில் வாங்கும் விலை பாதிக் கணக்குதான். அடுத்த சர்வீஸ் எங்கே, யார் கையில், என்ன செலவில் நடக்கும் என்பது மீதிப் பாதி.

என்னிடம் இருப்பது சீமாஸ்டர் புரொபஷனல் 300எம், மாடல் எண் 2531.80. அலை அலையாகக் கோடு போட்ட நீல டயல், 41 மில்லிமீட்டர் ஸ்டீல் கேஸ். 1993-ல் அறிமுகமான வரிசை. பியர்ஸ் பிராஸ்னன் ஜேம்ஸ் பாண்டாகக் கட்டி வந்து பெயர் வாங்கியது இந்தக் குடும்பம்தான், அதனாலேயே இதில் போலிகளும் அதிகம். என்னுடையது 1990-களின் இறுதியில் செய்யப்பட்டது. பெங்களூரில் ஒருவரிடம் நேரில் பார்த்து, சுமார் 1,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று ஷோரூமில் புதிய 300எம் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதியதன் மூவ்மெண்ட், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம், மேலானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கையில் கட்டி நேரம் பார்க்கும் சுகத்தில் நான்கு மடங்கு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் 1120 மூவ்மெண்ட். அடிப்படையில் அது ஈ.டி.ஏ. என்ற சுவிஸ் மூவ்மெண்ட் கம்பெனியின் 2892-ஏ2. சுவிட்சர்லாந்தின் எத்தனையோ கம்பெனிகள் பல ஆண்டுகளாகத் தங்கள் வாட்சுகளில் பயன்படுத்திய அதே அடித்தளம். ஒமேகா அதில் உராய்வைக் குறைக்கும் கற்களை 23 ஆக்கி, மெருகேற்றி, துல்லியத்துக்கான கிரோனோமீட்டர் சான்று வாங்கிப் போட்டிருக்கிறது. மணிக்கு 28,800 துடிப்பு, முழுச் சாவியில் 44 மணி நேரம் ஓடும். இந்த அடித்தளத்தில் கை பழகிய மெக்கானிக்குகள் நிறையப் பேர் உண்டு. ஒமேகா தனக்கென்று மாற்றிய சில பாகங்கள் வெளியில் எளிதில் கிடைக்காது. ஆனால் இந்த வாட்சைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட, கம்பெனி சர்வீஸ் சென்டரை மட்டுமே நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் ஓசூர்க்காரர்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் இங்கே தொழிற்சாலை போட்டதிலிருந்து, கண்ணில் லென்ஸ் மாட்டிச் சின்னஞ்சிறு திருகாணியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்தான். ஆனாலும் கை ஒழுங்கும் தூசி பற்றிய பயமும் எல்லா வாட்சுக்கும் ஒன்றுதானே. பெங்களூரிலோ 1961-லேயே சிட்டிசன் கூட்டுறவோடு எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. சாவி கொடுக்கும் வாட்சைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகிய பெரியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். என் வாட்சைப் பார்ப்பவர் அப்படி ஒருவர். முதல் தடவை திறந்ததும், "தம்பி, இது 2892 தானே, பயப்படாம குடுத்துட்டுப் போங்க" என்றார். அதைக் கேட்டபோது வந்த நிம்மதி எனக்கு அந்த 1,20,000 ரூபாயில் சேர்த்தி.

வாங்கும்போது என்ன பார்த்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

விற்பவரிடம் முதலில் கேட்டது பின்மூடி திறந்த படம். ஒழுங்கான ஆள் தயங்க மாட்டார். துரு, ஈரக்கறை, திருகாணித் தலையில் ஸ்குரூ டிரைவர் வழுக்கிய கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கீறல் இருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து டைம்கிராஃபர் அளவு. அந்தக் கருவி டிக் டிக் சத்தத்தைக் கேட்டு மூன்று எண்கள் காட்டும்: ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூடுகிறது அல்லது குறைகிறது, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி வீசுகிறது, இரண்டு பக்க வீச்சும் சமமா. விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவது முதல் எண்ணை. நான் நம்புவது இரண்டாவதை. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்த்தபடி வைத்தால் 270 டிகிரிக்கு மேல் வீச வேண்டும். 220, 230 என்று சோர்ந்திருந்தால், நேரம் எவ்வளவு சரியாகக் காட்டினாலும் எண்ணெய் காய்ந்துவிட்டது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற ஒன்றை மூவ்மெண்ட்டுக்கு ஏற்ப மாற்றி வைக்க வேண்டும், அதைத் தவறாக வைத்தால் வீச்சும் தவறாகவே காட்டும். அதனால் திரையின் படத்தை முழுதாகக் கேளுங்கள்.

வெளியே பார்க்க வேண்டியது விளிம்புகள். இந்த மாடலில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் முறுக்கினாற்போல் வளைந்து, கத்தி முனையாக ஒரு கோடு ஓடும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு பாலிஷ் போட்டவர்கள் அந்தக் கோட்டைத் தேய்த்து மழுக்கிவிடுவார்கள். தேய்ந்த ஸ்டீல் திரும்பி வராது. என்னைக் கேட்டால், கீறலோடு கூர்மையாக இருக்கும் கேஸ்தான் பாலிஷ் போட்டு மழுங்கிய கேஸைவிட விலை பெற வேண்டும். செயினில் லிங்க் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முன்பு கட்டியவர் மெலிந்த கைக்காரராக இருந்து, கழற்றிய லிங்குகளைத் தொலைத்திருந்தால், அசல் லிங்க் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேஸின் கொம்புப் பின்பக்கம் பொறித்த எண்ணும் வாரண்டி அட்டை எண்ணும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும்.

இருட்டில் ஒளிரும் புள்ளிகளையும் விட்டுவிடாதீர்கள். 1990-களின் நடுப்பகுதி வரை பல கம்பெனிகள் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருளை அதற்குப் பயன்படுத்தின. அதன் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டு. அந்தக் காலத்து வாட்ச் இன்று பச்சையாகப் பளிச்சென்று எரிந்தால் டயலோ முள்ளோ மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது மேலே புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அது குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

இனி பயன்பாடு. கிரோனோமீட்டர் சான்றின் வரம்பு நாளுக்கு சராசரி மைனஸ் 4 முதல் பிளஸ் 6 நொடி. என்னுடையது சர்வீஸுக்குப் பிறகு பெரும்பாலும் அதற்குள்ளேயே ஓடுகிறது. இரவில் டயல் மேலே வைத்தால் ஒரு மாதிரி, சாவி கொடுக்கும் திருகான கிரௌன் மேலே வைத்தால் வேறு மாதிரி. அதைப் பழகிக்கொண்டால் வாரக் கடைசியில் ரேடியோ நேரத்தோடு ஒத்துப்போகும். கத்திரி வெயிலில் காவேரிப்பட்டணம் வரை பைக்கில் போய்வந்திருக்கிறேன், ஓட்டத்தில் மாற்றம் கண்ணில் பட்டதில்லை. வெப்பத்தில் விறைப்பு மாறாத நிக்கல் எஃகுக் கலவையால், பேலன்ஸ் வீலை ஆட்டும் சுருளான ஹேர் ஸ்பிரிங் செய்யலாம் என்று வழிகாட்டியவர் சார்ல் எதுவார்ட் கியோம். நிக்கல் எஃகுக் கலவைகளில் அவர் கண்டறிந்தவற்றுக்காக 1920-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நூறு வருடம் கழித்துக் கிருஷ்ணகிரி வெயிலில் அதன் பலனை ஒருவன் கையில் கட்டிக்கொண்டு போகிறான் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கும்.

வெயிலைவிட இங்கே பெரிய எதிரி காந்தம். சிப்காட் பக்கம் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சர்ஃபேஸ் கிரைண்டரின் மேக்னடிக் சக், டயல் கேஜ் மாட்டும் காந்த ஸ்டாண்டு, இரும்புத் தகடு தூக்கும் காந்தம் எல்லாம் நம் கைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. என் வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் முந்த ஆரம்பித்தது. காந்தம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீளம் குறைந்தது போல் வேகமாகத் துடிக்கும். சாதாரண திசைகாட்டியை மேலே வைத்தேன், முள் ஆடியது. காந்தம் எடுக்கும் சின்னக் கருவியில் வைத்ததும் அன்றே சரியாகிவிட்டது. மெக்கானிக் காசு வாங்க மறுத்துவிட்டார். அதிலிருந்து கிரைண்டிங் பகுதிக்குப் போகும்போது வாட்ச் மேஜை டிராயருக்குள் போய்விடும். 15,000 காஸ் அளவு காந்தப் புலம் வரை தாங்கும் மாஸ்டர் கிரோனோமீட்டர் வகைகளை ஒமேகா 2015 முதல் விற்கிறது. தினமும் காந்தத்தோடு வேலை செய்கிறவர் கூடுதல் பணம் கொடுத்து அதையே தேடினால் நியாயம்தான்.

தண்ணீர் விஷயத்தில் டயலில் எழுதியிருக்கும் 300 மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அது புது ரப்பர் வளையங்களோடு இருந்த காலத்துக் கணக்கு. இந்த மாடலில் 10 மணிப் பக்கம் ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வால்வு என்று இன்னொரு திருகும் உண்டு, கசிய அது கூடுதலாக ஒரு வழி. சர்வீஸில் வளையங்களை மாற்றி, காற்றழுத்தச் சோதனை செய்த பிறகுதான் ஒகேனக்கல் அருவியில் இதோடு நின்றேன்.

முழு சர்வீஸ் ஒருமுறை நடந்தது. பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு, மெயின் ஸ்பிரிங்கும் ஆட்டோமேட்டிக் பகுதியின் ரிவர்சர் வீல்களும் மாற்றினோம். பாகங்களோடு 15,000 ரூபாய்க்குள் முடிந்தது. "ஓடுதுன்னு ஓட்டிட்டே இருந்தா பல்லு தேஞ்சுரும் தம்பி, எண்ணெய் காஞ்சா நிறுத்திடணும்" என்பது அவர் சொன்ன அறிவுரை. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒரு நல்ல ஜோடி செருப்பு விலைகூட வராது.

தர்மபுரியில் இருக்கும் என் மச்சான் வேறு வழியில் போனார். இதே பட்ஜெட்டில் மூன்று சின்ன வட்டம் வைத்த சுவிஸ் கிரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச், உள்ளே வேல்ஷூ 7750 மூவ்மெண்ட். பார்க்க அத்தனை அழகு. ஆனால் ரீசெட் பட்டனை அழுத்தினால் முள் 12-க்குத் திரும்பாமல் தள்ளி நிற்கும். விற்றவர் அதைச் சொல்லவில்லை. 7750 முரட்டு உழைப்பாளி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாகங்கள் அதிகம், வேலை அதிகம், செலவும் என்னுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று. முதல் வாட்ச் மூன்று முள்ளும் தேதியும் இருந்தால் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு எச்சரிக்கை, 10,000, 15,000 ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் 1960-களின் ஒமேகா, ஃபாவ்ர் லூபா வகையறா. பலவற்றில் டயலைப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கேஸ் தேய்ந்து கிடக்கும், டயல் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக மின்னும். எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் கோணலாக இருக்கும். 2011-ல் டைட்டனே வாங்கிய அளவுக்கு மதிப்புள்ள பெயர் ஃபாவ்ர் லூபா. அதன் அசல் டயல் மங்கலாக இருந்தாலும் எனக்கு அதுதான் அழகு.

ரோலெக்ஸ் பற்றிக் கேட்பார்கள். தரத்தில் கேள்வியே இல்லை. ஆனால் ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் மாடல்கள் 2022-ல் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாம் வாட்சுக்குக் கொடுப்பதோடு ஷோரூம் காத்திருப்பு வரிசையில் நிற்காததற்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இப்போது தம்பிக்காக ட்யூடர் பிளாக் பே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2012 முதல் 2016 வரை வந்த, ஈ.டி.ஏ. 2824 போட்ட பழைய வகை. பிறகு வந்த அவர்களது சொந்த மூவ்மெண்ட் 70 மணி நேரம் ஓடும்தான், ஆனால் 2824-ஐ எங்கள் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். கொம்புகள் கூர்மையாக இருக்கின்றன, லிங்க் எல்லாம் இருக்கிறது, வீச்சு 245 டிகிரிதான். சர்வீஸ் ரசீது எதுவும் இல்லாததால் சொன்ன விலையில் 20,000 குறைக்கச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் விற்பவர்.